நீர்ப்பூட்டும் நிலக்காட்சியும்: ஜான் கான்ஸ்டபிளின் ‘தி லாக்’ ஓவியத்தில் உழைப்பின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1824ஆம் ஆண்டு லண்டன் ராயல் அகாதெமிக் கண்காட்சியில் வைத்த ‘தி லாக்’ என்னும் ஓவியம், ஸ்டூர் ஆற்றில் ஃபிளாட்ஃபோர்ட் என்னுமிடத்தில் இருந்த நீர்ப்பூட்டு ஒன்றைக் காட்டுவது. கான்ஸ்டபிளின் நிலக்காட்சிகளில் உழைப்பாளர் ஒதுக்கப்பட்டு, நிலத்தோடு கரைக்கப்படுகின்றனர் என்னும் கருத்து 1980களிலிருந்து கலை வரலாற்றில் வலுப்பெற்றது. உழைப்பாளர் ஒருவரை நடுவில் நிறுத்தும் இவ்வோவியம் அக்கருத்துக்கு எவ்வளவு இடம் தருகிறது, எங்கே அதை மறுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர்ப்பூட்டின் இயக்கம், ஸ்டூர் ஆற்றுப் போக்குவரத்தின் பொருளியல், ஓவியத்தின் வடிவ அமைப்பு, 1824க்குப் பிந்தைய அதன் வரலாறு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜான் கான்ஸ்டபிள், நிலக்காட்சி ஓவியம், நீர்ப்பூட்டு, ஸ்டூர் ஆறு, உழைப்பு, ராயல் அகாதெமி.

முன்னுரை

நிலக்காட்சி ஓவியத்தை இயற்கையின் படி என்று மட்டும் கொள்ளும் பார்வை இன்று ஆய்வுலகில் நிலைபெறவில்லை. எந்த நிலம் வரையப்படுகிறது, அது யாருடைய உடைமை, அதில் யார் உழைக்கின்றனர், அவ்வுழைப்பு எவ்வளவு தொலைவில் வைத்துக் காட்டப்படுகிறது என்னும் வினாக்கள் ஓவியத்தின் அழகியலிலிருந்து பிரிக்க இயலாதவை. 1980இல் வெளிவந்த ஜான் பாரலின் நூலும், 1986இல் வெளிவந்த ஆன் பெர்மிங்ஹாமின் நூலும் ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தை இவ்வினாக்களின் வழியே மறுவாசிப்புக்கு உட்படுத்தின. அவ்வாசிப்பின் முதன்மை இலக்குகளுள் ஒருவர் ஜான் கான்ஸ்டபிள் (1776-1837).

கான்ஸ்டபிளின் புகழ்பெற்ற ஓவியங்கள் பலவற்றில் மனித உருவங்கள் சிறியவை. முகம் தெளிவாகத் தெரியாத அளவுக்கு அவை தொலைவில் உள்ளன. ‘தி லாக்’ ஓவியத்தின் நிலை வேறு. அதில் ஒருவர் நீர்ப்பூட்டின் கதவருகே உடலை வளைத்து நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கிறார். பார்வையாளரின் கண் முதலில் சென்று சேர்வது அவரிடமே. எனவே பொதுக் கருத்தை அளந்து பார்க்க இவ்வோவியம் ஏற்றதாகிறது.

‘லாக்’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பக்கிங்காம் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்க அமைந்த கட்டுமானங்களை மக்கள் அப்பெயராலேயே வழங்கினர். சென்னையில் அக்கால்வாயை ஒட்டிய லாக் நகர் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் தங்கியுள்ளது. இக்கட்டுரையில் ஓவியத்தின் பெயர் ‘தி லாக்’ என்றும், கட்டுமானம் ‘நீர்ப்பூட்டு’ என்றும் குறிக்கப்படுகின்றன. மதகு நீரை மட்டும் விடுவிப்பது. நீர்ப்பூட்டு நீரைக்கொண்டு கலத்தையே மேலும் கீழும் நகர்த்துவது. இவ்வேறுபாடு ஓவியத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஸ்டூர் ஆறும் கான்ஸ்டபிள் குடும்பமும்

ஸ்டூர் ஆறு சஃபோக், எசெக்ஸ் ஆகிய இரு மாவட்டங்களின் எல்லையாகக் கிழக்கு நோக்கி ஓடிக் கடலில் கலப்பது. சட்பரி முதல் மானிங்ட்ரீ வரையிலான இதன் பகுதியைக் கலம் செல்லத்தக்கதாக ஆக்குவதற்கு 1705இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆற்றின் இயல்பான போக்கிலேயே நீர்ப்பூட்டுகளும் அணைப்புகளும் கட்டப்பட்டன. ஆகவே ‘தி லாக்’ ஓவியத்தில் காணப்படுவது முற்றிலும் வெட்டப்பட்ட கால்வாயும் அன்று. தன் போக்கில் விடப்பட்ட ஆறும் அன்று. வணிகத்தின் தேவைக்காக ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திருத்தப்பட்டுவந்த நீர்வழி அது.

ஓவியரின் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் கிழக்கு பெர்கோல்ட் ஊரில் வாழ்ந்த தானிய வணிகர். ஃபிளாட்ஃபோர்டிலும் டெதமிலும் அவருக்கு நீராலைகள் இருந்தன. அரைத்த மாவும் தானியமும் படகுகளில் ஆற்றின் வழியே மிஸ்ட்லி துறைமுகத்திற்குச் சென்று, அங்கிருந்து அவருக்கே உரிய ‘டெலிகிராஃப்’ என்னும் கப்பலில் லண்டனை அடைந்தன. திரும்பும் வழியில் நிலக்கரி உள்ளிட்ட சரக்குகள் வந்தன. ஃபிளாட்ஃபோர்டிலேயே படகு கட்டும் துறையும் இருந்தது. 1815இல் கண்காட்சிக்கு வைக்கப்பட்ட ‘ஃபிளாட்ஃபோர்ட் ஆலையருகே படகு கட்டுதல்’ என்னும் ஓவியம் அத்துறையைக் காட்டுவது. கோல்டிங், ஸ்டூர் நீர்வழியை மேற்பார்வையிட்ட ஆணையர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

இச்செய்திகள் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் என்னும் அளவில் நின்றுவிடுவன அல்ல. ஜான் கான்ஸ்டபிள் இளமையில் சுமார் ஓராண்டு தந்தையின் ஆலைத் தொழிலில் ஈடுபட்டபின், 1799இல் ராயல் அகாதெமிப் பள்ளியில் சேர்ந்தார். 1816இல் தந்தை இறந்தபின் தொழிலை நடத்தியவர் தம்பி ஆபிராம். தொழிலிலிருந்து ஓவியருக்குக் கிடைத்த பங்கு, ஓவியங்கள் எளிதில் விலைபோகாத ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியது. ஆகவே நீர்ப்பூட்டு அவருக்கு வழிப்போக்கர் கண்ட அழகிய காட்சியன்று. அது ஒழுங்காக இயங்கினால்தான் மாவு லண்டன் சென்று சேரும்; அவருடைய வருவாயும் தடையின்றி வரும். ஓவியர், தம் வாழ்வுக்கு அடிப்படையான பொருளியலின் ஒரு மூட்டினை வரைந்துள்ளார் எனலாம்.

1821இல் தம் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய மடலொன்றில், ஆலை மடைகளிலிருந்து நீர் பாயும் ஒலி, வில்லோ மரங்கள், உளுத்த பழம் பலகைகள், பாசி படர்ந்த கம்பங்கள், செங்கற்கட்டு ஆகியவற்றைத் தாம் நேசிப்பதாகக் கான்ஸ்டபிள் குறிப்பிட்டுள்ளார். இக்குறிப்பு அவரது அழகியலுக்குச் சான்றாகப் பலராலும் எடுத்தாளப்படுவது. ஆயினும் இப்பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை மனிதர் கட்டியவையும் பழுதுபார்க்க வேண்டியவையும் என்பது கவனத்திற்குரியது. உளுத்த பலகை ஓவியருக்கு நிறமும் தளப்பண்பும் தருவது. நீர்வழி ஆணையருக்கோ அது செலவு. இவ்விரு பார்வைகளும் ஒரே வீட்டில் இருந்தன.

நீர்ப்பூட்டின் இயக்கமும் ஓவியம் தேர்ந்த கணமும்

இரு கதவுகளுக்கு இடையே நீரை அடைத்துக் கலத்தை ஏற்றி இறக்கும் அறைப்பூட்டு சீனப் பெருங்கால்வாயில் 984ஆம் ஆண்டளவில் சியாவ் வெய்யூ என்பவரால் அமைக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. மேல்நீரை நோக்கி முனை கொண்டு இரு கதவுகள் சாய்வாகப் பொருந்தும் முறை, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரில் பணியாற்றிய லியோனார்டோ டா வின்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இம்முறையில் நீரின் அழுத்தமே கதவுகளை இறுக்கி மூடுகிறது. இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகும்வரை எவ்வளவு ஆள்வலிமையாலும் அவற்றைத் திறக்க முடியாது. எனவே முதலில் கதவின் அடிப்பகுதியில் உள்ள சிறு மடைப்பலகையை உயர்த்தி நீரை வெளியேற்றவேண்டும். மட்டம் சமமானபின் பெருங்கதவு எளிதில் திறக்கும். பேரளவு எடையுள்ள நீரை ஒருவர் சிறு திறப்பொன்றின் வழியே ஆளுவது இவ்வியக்கத்தின் அடிப்படை.

கீழ்நோக்கிச் செல்லும் படகு மேல்மட்ட நீரோடு பூட்டின் அறைக்குள் நுழைகிறது. மேற்கதவு மூடப்படுகிறது. கீழ்க்கதவின் மடைப்பலகை உயர்த்தப்பட, அறையின் நீர் கீழ் ஆற்றுக்குப் பாய்கிறது. படகும் நீரோடு இறங்குகிறது. இறங்கும்போது அலைக்கழியாதவாறு படகைக் கரைக்கம்பத்தில் கயிற்றால் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். நீர் குறையக் குறையக் கயிற்றைத் தளர்த்தவும் வேண்டும். கயிறு முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தால் நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கி ஒருபுறம் சாயும். ஆகவே கயிற்றைப் பிடிப்பவரும் மடையைத் திறப்பவரும் ஒருவரையொருவர் கவனித்துச் செயற்பட வேண்டும்.

இதனை அறிந்தபின் ஓவியத்தை நோக்கினால், கான்ஸ்டபிள் தேர்ந்துகொண்ட கணம் எது என்பது தெளிவாகும். படகு அறைக்குள் காத்திருக்கிறது. படகிலுள்ளோர் கயிற்றால் அதைக் கம்பத்தோடு பிடித்திருக்கின்றனர். கதவருகே நிற்பவர், பூட்டுக்காவலர் என்று மரபாகக் குறிக்கப்படுபவர், நெம்புகோலை அழுத்தி மடையைத் திறக்கிறார். கீழே நீர் வெண்ணுரையாகப் பாய்கிறது. இறக்கம் தொடங்கிவிட்டது, முடியவில்லை. செயலின் முன்னும் பின்னும் ஓவியத்தில் இல்லை. செயல் நிகழும் நடுக்கணம் மட்டுமே உள்ளது. நீர்ப்பூட்டின் வேலையை அறியாத ஒருவருக்கு இது ஆறும் மரமும் படகும் கொண்ட அமைதியான காட்சியாகவே தோன்றும். அறிந்தவருக்கோ கயிறு, நெம்புகோல், பாயும் நீர் ஆகிய மூன்றும் ஒரே செயலின் மூன்று உறுப்புகளாகத் தெரியும்.

ஓவியத்தின் அமைப்பு

1819 முதல் 1825 வரை கான்ஸ்டபிள் ஸ்டூர் ஆற்றங்கரைக் காட்சிகளைப் பெரிய துணிகளில் வரைந்தார். ஏறத்தாழ ஆறடி அகலம் கொண்ட இவை ‘ஆறடி ஓவியங்கள்’ எனப்படுகின்றன. ‘வெள்ளைக் குதிரை’ (1819), ‘ஸ்ட்ராட்ஃபோர்ட் ஆலை’ (1820), ‘வைக்கோல் வண்டி’ (1821), ‘டெதம் அருகே ஸ்டூர் ஆற்றுக் காட்சி’ (1822), ‘தி லாக்’ (1824), ‘தாவும் குதிரை’ (1825) ஆகிய ஆறும் இவ்வரிசையில் அடங்கும். இவற்றுள் ‘தி லாக்’ மட்டுமே நெடுக்கு வடிவம் கொண்டது. அதன் உயரம் 142.2 செ.மீ.; அகலம் 120.7 செ.மீ.

இவ்வடிவ மாற்றத்திற்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. கிளாட் லொரெய்னின் நெடுக்கு நிலக்காட்சிகளைக் கான்ஸ்டபிள் இளமைமுதல் போற்றியவர் என்பது அவற்றுள் ஒன்று. எனினும் காட்டப்படும் பொருளிலேயே இதற்கு வலுவான காரணம் உள்ளது. ஸ்டூர் பள்ளத்தாக்கு தாழ்ந்த சமவெளி. அங்கு ஆறு பெரும்பாலும் கிடைக்கோடாகவே கண்ணுக்குத் தோன்றும். அந்நிலத்தில் ஆற்றுநீர் செங்குத்தாக விழுவதைக் காணக்கூடிய இடங்கள் ஆலை மடையும் நீர்ப்பூட்டும் மட்டுமே. மேலிருந்து கீழாக நிகழும் ஒரு செயலுக்கு உயர்ந்த வடிவம் தேவைப்படுகிறது. கதவுக் கம்பங்களும் மரத்தின் அடிப்பகுதியும் நிமிர்ந்து எழுகின்றன, நீர் தாழ்கிறது, இவ்விரு திசைகளுக்கும் நடுவே உழைப்பாளரின் உடல் வளைந்து நிற்கிறது. ஓவியத்தில் கிடைக்கோடாக அமைவது தொலைவிலுள்ள சமவெளி. அங்கே டெதம் தேவாலயத்தின் கோபுரம் சிறிதாகத் தெரிகிறது. மேலாற்றில் உள்ள அவ்வூரிலிருந்து நீர் எவ்வளவு மெல்ல வந்திருக்கும் என்பதையும், இப்பூட்டில் எவ்வளவு விரைந்து வீழ்கிறது என்பதையும் இவ்வமைப்பு ஒருங்கே உணர்த்துகிறது.

வண்ணத்திலும் இவ்வொழுங்கு பேணப்படுகிறது. பச்சையும் பழுப்பும் மிகுந்த பரப்பில் உழைப்பாளரின் ஆடையிலுள்ள சிவப்பு தனித்து நிற்கிறது. பச்சைக்கு எதிர்நிறமான சிவப்பைச் சிறு அளவில் வைத்துக் கண்ணை நிறுத்துவது கான்ஸ்டபிள் பல ஓவியங்களில் கையாண்ட முறை. இங்கே அது செயலின் மையத்தையே சுட்டுகிறது. ஈரப் பலகைகளிலும் இலைகளிலும் நீரிலும் வெள்ளை வண்ணத் தீற்றல்கள் சிதறியுள்ளன. ஒளியின் மினுக்கத்தைக் காட்ட அவர் இட்ட இத்தீற்றல்களைச் சமகாலத்தவர் சிலர் ‘கான்ஸ்டபிளின் பனி’ என எள்ளினர். ஆனால் அவை நீர் தெறித்த பரப்பையும், காற்றில் அசையும் இலையையும் ஒரே முறையால் காட்டுகின்றன. இதனால் அசைவு நீரில் மட்டும் அடங்காமல் ஓவியம் முழுவதும் பரவுகிறது. கண்காட்சிக்கு ஓராண்டுக்குப் பின் ஃபிஷருக்கு எழுதிய மடலில், இவ்வோவியம் வெள்ளியொளியும் காற்றும் நலமும் நிறைந்தது, தேங்கியது எதுவும் இதில் இல்லை என்னும் பொருள்பட ஓவியரே மகிழ்ந்து குறிப்பிட்டுள்ளார். நீரைத் தேக்குவதற்கென்றே கட்டப்பட்ட ஒன்றை வரைந்தவர் தேக்கமின்மையை அதன் சிறப்பாகக் கண்டது எண்ணத்தக்கது. தேக்கமும் விடுவிப்பும் மாறிமாறி நிகழ்வதே நீர்ப்பூட்டின் இயல்பு. அவர் விடுவிப்பை வரைந்தார்.

வானத்தின் பங்கு

1821, 1822ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டபிள் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் ஏராளமான முகிற்சித்திரங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சிலவற்றின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் குறித்தார். லூக் ஹாவர்டு 1802இல் முகில்களை வகைப்படுத்திப் பெயரிட்டபின் வானிலை, அறிவியலின் பொருளாகியிருந்த காலம் அது. தாமஸ் ஃபார்ஸ்டர் வளிமண்டல நிகழ்வுகள் பற்றி எழுதிய நூலின் படியொன்று ஓவியரிடம் இருந்தது. நிலக்காட்சியில் வானமே உணர்வின் முதன்மை உறுப்பு என்னும் கருத்தை அவர் 1821இல் ஃபிஷருக்கு எழுதினார். 1836இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆற்றிய உரையில், ஓவியத்தை இயற்கை அறிவியலின் ஒரு துறையாகவும், ஓவியங்களை அதன் சோதனைகளாகவும் கருதலாமே என வினவினார்.

‘தி லாக்’ ஓவியத்தின் வானம் இப்பயிற்சியின் உடனடி விளைவு. மழை பெய்து நகர்ந்தது போன்ற அல்லது மழை வரவிருப்பது போன்ற முகில்கள் காற்றில் விரைகின்றன. ஆற்று நீரின் மூலம் மழை; மழையின் மூலம் முகில். முகிலாக மேலே திரளும் நீரே கீழே மடை வழியாகப் பாய்கிறது. வானம் காட்சிக்குப் பின்திரையாக வைக்கப்படாமல், பூட்டில் அடைபட்டு விடுபடும் நீரின் முந்தைய நிலையாக இடம்பெறுகிறது. இயற்கையின் வழியில் வரும் நீர் மனிதரின் கணக்கிற்குள் நுழையும் இடமே நீர்ப்பூட்டு என்பதை இவ்வோவியம் மேலிருந்து கீழாகப் படிக்கும்போது உணரலாம்.

உழைப்பாளர் உருவம்: ஒரு மறுபரிசீலனை

இக்காட்சி வரையப்பட்ட ஆண்டுகள் கிழக்கு ஆங்கிலியாவின் உழவுத் தொழிலாளர்க்குக் கடுமையானவை. நெப்போலியப் போர்கள் 1815இல் முடிந்தபின் தானிய விலை சரிந்தது. நிலவுடைமையாளர் நலனைக் காக்க அவ்வாண்டே இயற்றப்பட்ட தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை ஒரு குவார்ட்டர் அளவுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்கத் தடை விதித்தது. 1816இல் லிட்டில்போர்ட், ஈலி ஆகிய ஊர்களில் கலகம் வெடித்தது. 1822இல் நார்ஃபோக், சஃபோக் பகுதிகளில் கதிரடிக்கும் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. வைக்கோற்போர்களும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் ஃபிஷருக்கு எழுதிய மடலில், சஃபோக் நிலவரம் குறித்துத் தம் சகோதரர் கலங்கியிருப்பதையும் இரவுதோறும் தீ எரிவதையும் கான்ஸ்டபிள் குறிப்பிட்டுள்ளார். அரசியலில் அவர் பழமை பேணும் டோரிச் சார்பினர். எனவே தீ அவருக்கு அச்சத்தையே தந்தது. அதன் காரணத்தை அவர் ஆராயவில்லை.

இப்பின்னணியில் ஜான் பாரலின் வாதம் வலிமை பெறுகிறது. கிராமத்தின் ஒற்றுமையைக் காட்ட விரும்பிய ஓவியர், உழைப்பாளரைச் சிறிதாக்கித் தொலைவில் வைத்து நிலத்தோடு ஒன்றச் செய்தார். அருகில் வந்தால் அவர்களது வறுமையையும் சினத்தையும் காட்ட நேரும் என்பது அவ்வாதத்தின் சாரம். ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில் தொலைவிலுள்ள வயலில் புள்ளிகளாகத் தெரியும் புல்லறுப்போரை நோக்கினால் இதை மறுப்பது கடினம்.

‘தி லாக்’ இவ்வாதத்தை இரு வகையில் திருத்துகிறது. முதலாவது, இங்கே உழைப்பு தொலைவில் இல்லை. செயலின் முறையும் கருவியும் உடலின் நிலையும் பிழையின்றிக் காட்டப்பட்டுள்ளன. நெம்புகோலின் மேல் சாயும் உடலின் எடை பார்வையாளருக்குப் புலப்படுகிறது. வேலையை அருகிலிருந்து கண்டவர் மட்டுமே இதை வரைய முடியும். இரண்டாவது, இவ்வுழைப்பாளர் நிலத்தில் கரையவில்லை. கம்பம், கதவு, கயிறு, நீர் ஆகிய அனைத்தும் அவரை நோக்கியே ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. அவரை நீக்கினால் ஓவியத்தில் எச்செயலும் எஞ்சாது.

ஆயினும் இத்திருத்தத்திற்கு எல்லை உண்டு. அவ்வுழைப்பாளர் தம் வேலையில் குனிந்தவராகவே காட்டப்படுகிறார்; அவரது முகம் தனியொருவரின் முகமாக வரையப்படவில்லை. அவருக்குப் பெயரில்லை, வேலைப்பெயர் மட்டுமே உண்டு. அதைவிட முக்கியமானது, காட்டப்படும் உழைப்பின் வகை. தீயிட்டவர்களும் இயந்திரத்தை உடைத்தவர்களும் வயலிலும் களத்திலும் கூலி பெற்றவர்கள். நீர்ப்பூட்டில் நடப்பதோ விளைவித்தல் அன்று, விளைந்ததைக் கொண்டுசெல்லுதல். தானியம் வயலை விட்டு நீங்கியபின் நிகழும் உழைப்பு அது. ஓவியரின் குடும்பத் தொழிலுக்கு உட்பட்டது. அவர் ஐயமின்றி அணுகக்கூடியது. வயல் உழைப்பைப் புள்ளிகளாக்கிய அதே ஓவியர், போக்குவரத்து உழைப்பை நடுவில் நிறுத்தியதற்கு இதுவே காரணமாகலாம். அவரால் அருகில் சென்று நோக்க முடிந்தது, தமக்கு எதிராகத் திரும்பாத உழைப்பைத்தான்.

எனவே இவ்வோவியம் உழைப்பை மறைக்கிறது என்பதும் பொருந்தாது; உழைப்பாளரைப் போற்றுகிறது என்பதும் பொருந்தாது. வேலை முழுமையாகக் காட்டப்படுகிறது. வேலை செய்பவரின் வாழ்வு காட்டப்படவில்லை. செயலைப் பற்றிய அறிவு ஆழமாகவும், செயலாற்றுபவரைப் பற்றிய அக்கறை குறைவாகவும் இருக்கும் இந்நிலை, ஆலை உரிமையாளர் வீட்டில் வளர்ந்த ஒருவரின் பார்வையாகும். அதனை ஓவியரின் தனிக்குறையாகக் கொள்வதைவிட, அவர் நின்ற சமூக இடத்தின் பதிவாகக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

கண்காட்சி முதல் ஏலம் வரை

1824ஆம் ஆண்டு ராயல் அகாதெமிக் கண்காட்சி திறந்த முதல் நாளிலேயே ‘தி லாக்’ 150 கினிக்கு விற்பனையாயிற்று. ஆறடி ஓவியங்களில் அகாதெமிக் கண்காட்சிக் காலத்திலேயே இவ்வளவு விரைவில் வாங்குநரைப் பெற்றது இதுவே. வாங்கியவர் ஜேம்ஸ் மாரிசன். விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து துணி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். பரம்பரை நிலவுடைமையாளர் மாளிகைக்குச் செல்லாமல், விரைவான சரக்கோட்டத்தால் வளர்ந்த வணிகரிடம் இவ்வோவியம் சென்றது. சரக்கு நகர்வதைக் காட்டும் ஓவியத்தை, சரக்கு நகர்வதால் செல்வரான ஒருவர் விரும்பியது இயல்பே. அதே ஆண்டில் ‘வைக்கோல் வண்டி’ பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டுத் தங்கப்பதக்கம் பெற்றது.

கான்ஸ்டபிள் இக்காட்சிக்கு மீண்டும் மீண்டும் திரும்பினார். இதற்கான முழு அளவு முன்வரைவு இப்போது ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாவது நெடுக்குப் படியொன்றை வரைந்து, இறக்கும்வரை தம்மிடமே வைத்திருந்தார். 1826இல் ‘பூட்டைக் கடக்கும் படகு’ என்னும் கிடைவடிவ ஓவியத்தைப் புத்தக வணிகர் ஜேம்ஸ் கார்ப்பென்டருக்காக வரைந்தார். கிடைவடிவில் வானமும் சமவெளியும் விரிகின்றன. நீரின் வீழ்ச்சி முதன்மையை இழக்கிறது. நெடுக்கு வடிவில் செயலாக இருந்தது இதில் காட்சியாகிறது. 1829இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, உறுப்பினர் அளிக்கவேண்டிய ஓவியமாக அவர் வழங்கியது இதனையே. மனைவி மரியாவை இழந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில் வந்த அவ்வங்கீகாரத்திற்குத் தம் தந்தையின் நீர்வழியையே அடையாளமாக அவர் தேர்ந்தார்.

ஓவியத்தில் உள்ள தொழில்முறை நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஓவியம் விற்பனையான மறுஆண்டே ஸ்டாக்டன்-டார்லிங்டன் இரயில் பாதை திறக்கப்பட்டது. 1849இல் இரயில் சட்பரியை எட்டியது. ஸ்டூர் நீர்வழியின் வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது. ஃபிளாட்ஃபோர்ட் ஆலை 1943இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உடைமையாகி, 1946 முதல் களஆய்வுக் கல்வி மையமாக இயங்கிவருகிறது. கான்ஸ்டபிளின் ஓவியங்களைக் காண்பதால் அவ்விடத்திற்கு வருவோர் பலர். தொழிலிடம் நினைவிடமானதற்கு ஓவியமே காரணமாயிற்று.

‘தி லாக்’ மாரிசன் குடும்பத்தாரிடம் தலைமுறைகளாக இருந்து, 1990இல் 10.8 மில்லியன் பவுண்டுக்கு ஹைன்ரிஷ் தைசன்-போர்னமிசா பிரபுவால் வாங்கப்பட்டது. பிரித்தானிய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த விலை அது. பின்னர் மாட்ரிட் நகரின் தைசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தது. 2012 ஜூலையில் அவருடைய மனைவி கார்மென் அதனை லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்றார், விலை 22.4 மில்லியன் பவுண்டு. இவ்விற்பனையை எதிர்த்து அருங்காட்சியக அறங்காவலர் நார்மன் ரோசந்தால் பதவி விலகினார். பொது அரங்கில் தொங்கிய ஓவியம் தனியுடைமையாவது பற்றிய அவ்விவாதத்தில், ஓவியத்தின் உள்ளே இருக்கும் உடைமை, உழைப்பு பற்றிய வினாக்கள் பெரிதும் எழவில்லை.

முடிவுரை

‘தி லாக்’ ஓவியத்தை ரசிப்பதற்கு அதில் நிகழும் வேலையை அறிவது துணைச்செய்தி அன்று, அடிப்படைத் தேவை. மடைப்பலகை, கயிறு, கதவு ஆகியவற்றின் தொடர்பு புரிந்தபின்னரே ஓவியர் தேர்ந்த கணத்தின் இறுக்கமும், நெடுக்கு வடிவத்தின் பொருத்தமும், வானத்திற்கும் நீருக்கும் உள்ள உறவும் புலனாகின்றன. இவ்வகையில் தொழில்நுட்ப வரலாறு அழகியல் வாசிப்புக்கு முன்நிபந்தனையாகிறது.

கான்ஸ்டபிள் உழைப்பாளரை ஒதுக்கினார் என்னும் பொதுக்கருத்து, எவ்வகை உழைப்பை ஒதுக்கினார், எவ்வகை உழைப்பை முன்னிறுத்தினார் எனப் பிரித்து நோக்கப்படவேண்டும். விளைவிக்கும் உழைப்பு தொலைவிலும், கொண்டுசெல்லும் உழைப்பு அருகிலும் வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவே, 1820களின் சஃபோக்கில் ஆலை உரிமையாளர் குடும்பத்திற்கும் வயற்கூலிகளுக்கும் இடையிலிருந்த தொலைவின் அளவாகும். நிலக்காட்சி ஓவியங்களை ஆராய்வோர், படத்தில் மனிதர் இருக்கின்றனரா என்பதோடு நில்லாமல், அவர்கள் எவ்வேலையில் காட்டப்படுகின்றனர், அவ்வேலை யாருடைய கணக்கில் நடக்கிறது என்பதையும் கருதுவது பயன்தரும். ஓவியரின் பிற ஆற்றங்கரைக் காட்சிகளையும், குறிப்பாகக் ‘தாவும் குதிரை’ ஓவியத்தையும், இவ்வளவுகோலால் மீண்டும் ஆராய இடமுண்டு.